‘எதா இருந்தாலும் சொல்லுங்க’ன்னு கேட்டா ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க?

கப்பலூர்_ஷிஃப்ட் | 8 ஜூலை 2024, இரவு 10.50

மதுரைப் பக்கம் கப்பலூர்ல ரப்பர் மோல்டிங், அதாவது ரப்பரை அச்சுல வச்சு அமுக்கிச் சூட்டுல வேக வைக்கிற வேலை. ஆறு பிரஸ், ரெண்டு ரோல் நடுவுல ரப்பரைக் கலக்கிற மிக்ஸிங் மில் ஒண்ணு, பிசிறு வெட்டுற மேசை ரெண்டு. ஷிஃப்டுக்கு 14 பேர், பொறுப்பு நான். ஷிஃப்ட் மாறுறப்ப பத்து நிமிஷம் எல்லாரையும் நிப்பாட்டி, “என் மேல குறை இருந்தாலும் பரவால்ல, தைரியமா சொல்லுங்க”ன்னு கேக்கிறேன். மூணு மாசமா இதே கேள்வி, மூணு மாசமா அதே பதில்: “ஒண்ணுமில்ல சார், எல்லாம் நல்லா போகுது.” அதே ஆளுங்க டீக்கடைல என்ன பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும். கேக்கிற விதம் தப்பா, ஆளுங்க தப்பா?

லேத்துப்பட்டறை | 8 ஜூலை, இரவு 11.20

14 பேர் முன்னாடி நிக்க வச்சு “என் குறையைச் சொல்லு”ன்னா எவன் சொல்வான்? பொண்ணு பாக்க வந்த வீட்ல, மாப்பிள்ளைய நடுவுல உக்கார வச்சுக்கிட்டு “பையன் எப்படி?”ன்னு கேட்ட மாதிரி இருக்கு.

ஓய்வு_போர்மேன் | 9 ஜூலை, காலை 6.15

தம்பி, கேள்வியிலேயே கோளாறு இருக்கு. “என் மேல குறை” என்கிறது ஆளைப் பத்தின கேள்வி. அதுக்குப் பதில் சொன்னா உறவு கெடும். வேலையைப் பத்திக் கேட்டாத்தான் பதில் வரும். “மூணாம் நம்பர் பிரஸ்ல டை (அச்சு) மாத்தும்போது எந்த இடத்துல ரொம்ப நேரம் போகுது?” “ராத்திரி ஷிஃப்ட்ல எந்த டூல் தேடியும் கிடைக்கிறதில்ல?” இப்படிக் கேளுங்க. பதில் தானா வரும், வர்ற பதில்ல பாதி உங்களைப் பத்தினதாத்தான் இருக்கும். டூல் கிடைக்கலைன்னா ஸ்டோர் சாவி உங்க பையில இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது இடம். நிப்பாட்டி வச்சுக் கேக்காதீங்க. டை மாத்துறப்ப, மில்லைக் கழுவுறப்ப, கை வேலையா இருக்கிறப்ப பக்கத்துல போய் நின்னு கேளுங்க. முகத்துக்கு நேரா பார்த்துப் பேசுறதை விட, ரெண்டு பேரும் இயந்திரத்தைப் பார்த்துக்கிட்டுப் பேசுறது சுலபம். டீக்கடைல மட்டும் கேக்காதீங்க. அங்க காசு குடுக்கிறது நீங்கன்னா, நீங்க வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டு உங்க குறையை எவன் சொல்வான்?

மூணாவது, இதுதான் முக்கியம். சொன்னவனுக்கு என்ன ஆச்சுன்னு மத்தவங்க பார்த்துக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு முன்னாடி அந்த ஷிஃப்ட்டைப் பார்த்தவர் காலத்துல ஒருத்தன் வாயைத் திறந்து, அடுத்த வாரமே மிக்ஸிங்குக்குத் தள்ளப்பட்டிருந்தா, அந்தக் கதை உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்கு நல்லாத் தெரியும். அந்தக் கடனையும் நீங்கதான் அடைக்கணும்.

கப்பலூர்_ஷிஃப்ட் | 9 ஜூலை, இரவு 10.35

அண்ணே, இன்னைக்கே வேலையைப் பத்திக் கேட்டுப் பார்த்தேன். நாலாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர், “இடது பக்கம் வேகல சார்”ன்னார். கண்ட்ரோலர்ல 155 டிகிரி காட்டுது. ஷீட்ல போட்டிருக்கிற அதே சூடு. “மீட்டர் சரியாத்தானே இருக்கு”ன்னேன். “சரிங்க சார்”னு போயிட்டார். இதுல நான் என்ன பண்ணியிருக்கணும்?

ஓய்வு_போர்மேன் | 9 ஜூலை, இரவு 11.05

அம்புட்டுத்தான், கதவைச் சாத்திட்டீங்க. மூணு மாசம் தட்டி ஒரு தடவை திறந்தது.

மீட்டர் பொய் சொல்லலை, ஆனா அது ஒரே ஒரு இடத்துச் சூட்டைத்தான் சொல்லுது. தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கிற கம்பி) பெரும்பாலும் பிளேட்டன் (டையைச் சூடாக்குற தட்டு) நடுவுல ஒரு துளைக்குள்ள இருக்கும். இடது ஓரத்துல ஒரு ஹீட்டர் கம்பி செத்துப்போனா, நடுவுல 155 இருக்கும், ஓரத்துல 140 தான் இருக்கும். 10 டிகிரி குறைஞ்சா வேகுற நேரம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்ப 155-ல 8 நிமிஷம் வேகுற பீஸ், 140-ல 20 நிமிஷத்துக்கு மேல கேக்கும். நீங்க 8 நிமிஷத்துல எடுக்கிறீங்க. அரைவேக்காடு. கையில எடுக்கிறப்பவே அவருக்குப் பிசுபிசுப்பு தெரியும், பிச்சுப் பார்த்தா உள்ள பஞ்சு மாதிரி இருக்கும். உங்க மீட்டருக்கு அது தெரியாது.

நாளைக்குக் காலைல பண்ண வேண்டியது: அவர்கிட்ட போய், “நேத்து நான் பார்க்காமப் பேசிட்டேன், வாங்க சேர்ந்து பார்ப்போம்”னு சொல்லுங்க. மேற்பரப்புச் சூடு பார்க்கிற ப்ரோப் வச்சு பிளேட்டன்ல 9 இடம், மூணு வரிசை மூணு இடம், மேலயும் கீழயும். பிரஸ் சூடேறி அரை மணியாவது நின்ன பிறகு பாருங்க, முன்னாடியே பார்த்தா எல்லாமே தப்பாக் காட்டும். எழுதுறது அவர் கையா இருக்கட்டும்.

ஒருவேளை காம்பவுண்டு (ரப்பர் கலவை) தப்பா இருக்கலாம்னு சந்தேகம் வந்தா, ரப்பர் எம்புட்டுக் கடினம்னு காட்டுற ஷோர் ஏ மீட்டரை வச்சுப் பாருங்க. டைல இருக்கிற எல்லாக் குழியோட பீஸும் மெத்துன்னு இருந்தா கலவைக்கு எடை போட்டதுல தப்பு. இடது பக்கக் குழி மட்டும் மெத்துன்னா பிளேட்டன்.

லேத்துப்பட்டறை | 9 ஜூலை, இரவு 11.12

பதில் தப்பா இருந்தா? ஆபரேட்டர் சொன்னது தப்புன்னு 9 இடத்துலயும் 155 காட்டினா என்ன பண்றது?

ஓய்வு_போர்மேன் | 9 ஜூலை, இரவு 11.30

அப்பவும் அதே மரியாதை. “பார்த்தோம், சூடு சரியா இருக்கு, வேற என்னவா இருக்கும்?”னு அடுத்த கேள்வி. சரியாச் சொன்னவனை மட்டும் கொண்டாடினா, நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் பேசுவாங்க. கோளாறுங்கிறது முதல்ல அரைகுறைச் சந்தேகமாத்தான் தலை காட்டும், அந்த நேரத்துலதான் பேச்சு வேணும்.

சால்னா_மாஸ்டர் | 10 ஜூலை, மாலை 4.00

நம்ம தொழில்ல இம்புட்டு நோட்டு பேனா கிடையாது. இலையைப் பாரு, இலை சொல்லும். கூட்டு அப்படியே ஓரமா கிடந்தா உப்பு ஏறியிருக்கு. பரோட்டா பாதி கிடந்து சால்னா காலியானா மாவு காஞ்சிருக்கு. சால்னா கிடந்து பரோட்டா காலியானா மாஸ்டருக்குச் சேதி. “சாப்பாடு எப்படி இருந்துச்சு அண்ணே?”ன்னு கல்லாவுல கேட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேரு “நல்லா இருந்துச்சு”ம்பான். அவன் மறுநாள் வராததுதான் பதில். இலை எடுக்கிற பையனைக் கேளுங்க, அவனுக்குத் தெரியாத ரகசியம் கடையில கிடையாது. ஆனா அவனை யாரும் கேக்கிறதில்ல.

கப்பலூர்_ஷிஃப்ட் | 10 ஜூலை, இரவு 10.40

மாஸ்டர் அண்ணே, எனக்கு ரிஜெக்ட் தொட்டிதான் இலைன்னு இப்பத்தான் உறைச்சுது. நாலாம் நம்பர் தொட்டியில கிடந்த பீஸ்ல குழி நம்பரைப் பார்த்துப் பிரிச்சேன். பாதிக்கு மேல இடது பக்க ரெண்டு குழி. அந்தத் தொட்டி தினமும் என் மேசைக்குப் பக்கத்துலதான் இருக்கு.

9 இடம் பார்த்தாச்சு. நடுவுல 154, வலது ஓரம் 151, இடது பின் மூலை 138.

தியேட்டர்_நர்ஸ் | 11 ஜூலை, மதியம் 2.45

இந்த இழையைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஆபரேஷன் தியேட்டர்ல இதே பிரச்சினைக்கு எழுத்துலயே ஒரு வழி இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல ஒரு பட்டியல் கொண்டுவந்தது. 19 விஷயம், மூணு கட்டம்: மயக்கம் குடுக்கிறதுக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, நோயாளியை வெளிய கொண்டுபோறதுக்கு முன்னாடி. ரெண்டாவது கட்டத்துல, அறையில இருக்கிற எல்லாரும் பேரையும் வேலையையும் சொல்லணும். பார்க்கிறவங்களுக்கு இது சடங்கு மாதிரி தெரியும். ஆனா ஒரு தடவை வாயைத் திறந்து தன் பேரைச் சொன்ன ஜூனியர், நடுவுல ஏதாவது தப்பாத் தெரிஞ்சாலும் சொல்லிடுவாங்க. முதல் வார்த்தைதான் கஷ்டம்.

ரெண்டாவது, நிறுத்துறதுக்கு முன்கூட்டியே பேசி வச்ச ஒரு சொல் வேணும். “சார், நீங்க பண்றது தப்பு”ன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. “ஒரு நிமிஷம்”னு சொல்ல வரும். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் கை நிக்கணும், ஏன்னு அப்புறம் கேக்கணும்னு பெரியவர் எல்லார் முன்னாடியும் முதல்லயே சொல்லி வைக்கணும். முதல் தடவை யாராவது சொல்றப்ப அவர் உண்மையிலேயே நிக்கணும். நிக்கலைன்னா அந்தச் சொல் அன்னைக்கே செத்துப்போச்சு.

லேத்துப்பட்டறை | 11 ஜூலை, மதியம் 3.10

அக்கா, பேரைப் பார்த்துட்டு பழைய தங்கம் சினிமா தியேட்டர்ல எதுக்கு நர்ஸுன்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன்.

தியேட்டர்_நர்ஸ் | 11 ஜூலை, மதியம் 3.14

பாருங்க, “ஒரு நிமிஷம்” வேலை செய்யுது.

விமானத்துலயும் இதே கதைதான். 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு, மூடுபனி. ரெண்டு போயிங் 747 ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தாங்க. கிளம்பின விமானத்துல இருந்த ஃபிளைட் இன்ஜினியருக்கு, எதிர்ல இருக்கிற விமானம் பாதையை விட்டு விலகலையோன்னு சந்தேகம் வந்துச்சு, கேட்டும் கேட்டார். மூத்த கேப்டன் விலகிடுச்சுன்னு உறுதியாச் சொல்லிட்டார். மறுபடி கேக்க இவருக்கு வாய் வரலை. அதுக்கப்புறம்தான், கீழ இருக்கிறவர் சொல்லவும் மேல இருக்கிறவர் கேக்கவும் சேர்த்து பயிற்சி குடுக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துங்கிறது முக்கியம்.

மேலமாசி | 12 ஜூலை, காலை 9.20

பெரியவர் முதல்ல தானே நின்னு காட்டணும்னு அக்கா சொன்னாங்களே, அந்த மாதிரி முன்மாதிரிக்கு மதுரைக்காரங்க உதாரணம் தேட வேண்டாம். 1919-ல காந்தி இங்கதான் மேல்சட்டையைக் கழட்டி அரை வேட்டிக்கு மாறினார். சொல்லிக் குடுத்ததை விடச் செஞ்சு காட்டினதுதான் நின்னுச்சு.

ஓய்வு_போர்மேன் | 12 ஜூலை, காலை 9.50

1919 இல்லைங்க, 1921 செப்டம்பர் 22. இடம் உங்க தெருவேதான், மேல மாசி வீதி வீடு. அதுல இந்த இழைக்குத் தேவையானது வேற ஒண்ணு இருக்கு. மதுரைக்கு வர்ற வழியில ரயில்ல, அந்நியத் துணி உடுத்தியிருந்தவங்ககிட்ட கதரைப் பத்திப் பேசினார். கதர் விலை அதிகம், வாங்குற வசதி எங்களுக்கு இல்லைன்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னாங்க. அவர் வாதாடிக்கிட்டு இருக்கலை. துணி கட்டுபடியாகலைன்னா குறைச்சு உடுத்தலாம்னு தன் துணியைக் குறைச்சுக்கிட்டார். முதல்ல குறை வந்துச்சு, அப்புறம்தான் முன்மாதிரி. நாம தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, நானே ஒரு முன்மாதிரின்னு நின்னுக்கிட்டு குறையை எதிர்பார்க்கிறோம்.

மேலமாசி | 12 ஜூலை, காலை 10.05

வருஷத்துக்கு மன்னிக்கணும். தினம் அந்த வழியாத்தான் போறேன்.

லேத்துப்பட்டறை | 13 ஜூலை, இரவு 9.30

முன்மாதிரி விஷயத்துல எனக்கு ஒரு சண்டை இருக்கு. “நானும் இறங்கி வேலை பாக்கிறேன்”னு சூப்பர்வைசர் பிரஸ்ல நிக்கிறது எல்லா நேரமும் நல்லது இல்ல. கணக்குப் பாருங்க. 8 நிமிஷம் வேகுது, எடுத்துப் போட 2 நிமிஷம், மணிக்கு 6 சுத்து. டைல 8 குழின்னா 48 பீஸ். சூப்பர்வைசர் ஒரு மணி நேரம் நின்னு எடுத்துப் போடுறதை ஒண்ணரை நிமிஷத்துல முடிச்சுக் காட்டினா என்ன ஆகும்? அடுத்த வாரம் டார்கெட் ஏறும்னு பயம் வரும். அவர் நிக்கிறது ஒரு மணி நேரம், ஆபரேட்டர் நிக்கிறது எட்டு மணி நேரம், அதுவும் மே மாசக் கப்பலூர் ஷெட்ல. அது முன்மாதிரி இல்ல, பந்தயம்.

நிக்கணும்னா, யாரும் விரும்பாத வேலையில நில்லுங்க. டை கழுவுறது, தொட்டி பிரிக்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு கம்ப்ரசர் தண்ணி வடிக்கிறது. அங்க வேகத்துக்குப் போட்டி கிடையாது.

ஓய்வு_போர்மேன் | 13 ஜூலை, இரவு 10.15

ஒத்துக்கிறேன். கூட ஒண்ணு சேர்த்துக்கோங்க: பாதுகாப்பு விதியில முன்மாதிரி. மிக்ஸிங் மில்லுல நிக்கிறவனுக்கு மோதிரம், காப்பு, தொளதொள கை, எதுவும் ஆகாது. ரோல் இழுத்தா கையோட போயிடும். சூப்பர்வைசர் மணிக்கட்டுல அழகர்கோயில் கயிறு நாலு சுத்து தொங்கும், அவர் வந்து “மோதிரத்தைக் கழட்டு”ம்பார். எவன் கழட்டுவான்? நம்ம கயிறை முதல்ல அவிழ்த்துப் பையில போடணும். சாமி கோவிச்சுக்காது.

அப்புறம் மில்லோட அவசரக் கம்பி. ஷிஃப்ட் தொடக்கத்துல மில்லைக் காலியா ஓட்டி, ரோல்ல சாக்பீஸ் கோடு போட்டு, கம்பியைத் தட்டி, கோடு எம்புட்டு தூரம் சுத்தி நிக்குதுன்னு பாக்கணும். நேத்தை விடக் கூடுதலாச் சுத்தினா பிரேக் தேயுது, அன்னைக்கு மில் ஓடக்கூடாது. இதை ஆபரேட்டரை விட்டுச் செய்யச் சொல்லிட்டுக் கையெழுத்து மட்டும் போடாதீங்க, நீங்களே தட்டுங்க. ஆர்டர் அவசரத்துல ஒரு நாள் நீங்க தட்டாம விட்டீங்கன்னா, அந்த ஒரு நாளைத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருப்பாங்க.

கப்பலூர்_ஷிஃப்ட் | 14 ஜூலை, காலை 7.00

கயிறு விஷயம் கொஞ்சம் சுட்டுது. கழட்டியாச்சு.

புகார்ப் பெட்டி வைக்கலாமான்னு முதலாளி கேக்கிறார். பேர் தெரியாம சீட்டு எழுதிப் போடலாம். யாராவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?

சால்னா_மாஸ்டர் | 14 ஜூலை, மாலை 3.40

பெட்டியை எங்க மாட்டுவீங்க? கேமராவுக்கு நேர் கீழயா?

கப்பலூர்_ஷிஃப்ட் | 14 ஜூலை, இரவு 10.45

நேர் கீழதான் மாட்டச் சொல்லியிருந்தார். இப்பத்தான் போய்ப் பார்த்தேன்.

பிசிறு_மேசை | 15 ஜூலை, இரவு 8.20

நான் சூப்பர்வைசர் இல்ல. இதே மாதிரி ஒரு இடத்துல பிசிறு வெட்டுற மேசைக்காரி. இந்தப் பக்கத்துல இருந்தும் ஒருத்தி பேசட்டுமேன்னு எழுதுறேன்.

பெட்டி வேலைக்கு ஆகாது. 14 பேருல தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். எழுதத் தெரியாதவங்க சொல்ல வேண்டியது அப்படியே நின்னுபோகும். வாட்சப் குழுவும் ஆகாது, அதுல முதலாளி இருக்கார், அவர் “குட் மார்னிங்” படத்துக்குக் கட்டைவிரல் போடத்தான் அந்தக் குழு.

எங்ககிட்ட “ஏதாவது குறை இருக்கா”ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வோம். ஏன்னா எங்க குறையெல்லாம் உங்க கணக்குல சின்ன விஷயம், சொன்னா சிரிப்பீங்க. மேசை மேல லைட் முதுகுப் பக்கம் இருந்து வருது, கை நிழல் பீஸ் மேல விழுது, பிசிறு தெரியாம வெட்டிட்டு ரிஜெக்ட் ஆகுது. பிளேடு மழுங்கினா அழுத்தி வெட்டுறோம், அப்பத்தான் விரல் போகுது. ஆனா ஒரு நாளைக்கு ஒரு பிளேடுதான்னு கணக்கு. ஸ்டூல் உயரம், மேசை உயரம் பொருந்தல. கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள். ரெண்டு மணி ஷிஃப்ட் பத்து மணிக்கு முடியும், திருமங்கலம் பக்கம் போற கடைசி பஸ்ஸுக்கு ஓடணும், அந்த நேரத்துலதான் நீங்க பத்து நிமிஷம் மீட்டிங் போடுறீங்க.

கடைசில சொன்னதை மறுபடி படிங்க. “தைரியமா சொல்லுங்க”ன்னு நீங்க கேக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் முதல் குறை.

கப்பலூர்_ஷிஃப்ட் | 15 ஜூலை, இரவு 11.10

அக்கா, இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மீட்டிங்கை ஷிஃப்ட் தொடக்கத்துக்கு மாத்துறேன், வேலை நேரத்துக்குள்ள. நாளைல இருந்து.

ஓய்வு_போர்மேன் | 16 ஜூலை, காலை 6.00

நான் எழுதினதுல ஒரு திருத்தம். டை மாத்துறப்ப பக்கத்துல போய்க் கேளுங்கன்னேன். அது பிரஸ்காரங்களுக்குச் சரி. மேசையில உக்கார்ற பெண்களுக்குப் பக்கத்துல சூப்பர்வைசர் போய் நின்னா வேற பேச்சு வரும். அங்க அந்த மேசையிலேயே மூத்தவங்க ஒருத்தர் கேட்டுச் சொல்றதுதான் வழி. அவங்களை நீங்க பொறுக்காதீங்க, அவங்களே பொறுக்கட்டும்.

அதே மாதிரி ஒடிசா, பீகார் பையன்க. அவங்க குறையை அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்த காண்ட்ராக்டர் வழியாக் கேக்காதீங்க. சம்பளத்துல பிடிக்கிறவரே அவரா இருக்கலாம். இந்தி தெரிஞ்ச உங்க எலக்ட்ரீஷியனோ, ஸ்டோர் ஆளோ போதும். முதல்ல கேக்க வேண்டியது ரூம் தண்ணி, சாப்பாடு. வேலைப் பேச்சு அப்புறம் வரும்.

லேத்துப்பட்டறை | 16 ஜூலை, இரவு 9.00

சரி, சொன்னதை எங்க எழுதுறது? எழுதலைன்னா காத்தோட போயிடும். எழுதினா “என் பேரை எழுதிட்டான்”னு பயப்படுவாங்க.

ஓய்வு_போர்மேன் | 17 ஜூலை, காலை 6.30

சாதாரண 200 பக்க நீள நோட்டு, சுவர்ல கயிறு கட்டித் தொங்கணும், உங்க மேசை டிராயர்ல இல்ல. நாலு கட்டம்: தேதி, விஷயம், யார் செய்யணும், முடிஞ்ச தேதி. சொன்னவர் பேருக்குக் கட்டமே கிடையாது. தன் பேரைப் போடச் சொல்லி அவரே கேட்டா போடலாம்.

24 மணி நேரத்துக்குள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல ஏதாவது எழுதியாகணும். செஞ்சாச்சு, அல்லது இந்தத் தேதிக்குள்ள, அல்லது முடியாது, காரணம் இது. மூணாவது பதிலுக்குப் பயப்படாதீங்க. “முதலாளி பணம் ஒதுக்கலை, அடுத்த மாசம் மறுபடி கேக்கிறேன்”னு எழுதலாம், கௌரவக் குறைச்சல் கிடையாது. காலிக் கட்டம்தான் கொல்லும். ரெண்டு வாரம் காலியா இருந்தா அந்த நோட்டு பால் கணக்கு எழுதத்தான் ஆகும்.

முதல் வரி உங்க தப்பா இருக்கணும். “9 ஜூலை. நாலாம் நம்பர் இடது பக்கம் வேகலைன்னு சொன்னதைப் பார்க்காம மறுத்தது. ஷிஃப்ட் பொறுப்பாளர். 10 ஜூலை 9 இடம் அளந்தாச்சு.” உங்க கையாலேயே எழுதுங்க.

மேலமாசி | 17 ஜூலை, காலை 8.45

தப்பை ஒத்துக்கிறதுக்கு பாண்டியன் நெடுஞ்செழியன் ஊர்ல நோட்டு வேற தேவையா?

ஓய்வு_போர்மேன் | 17 ஜூலை, காலை 9.00

அவர் ஒத்துக்கிட்டது தீர்ப்பு முடிஞ்சு, ஆள் போன பிறகு. அப்ப உயிரைத்தான் குடுக்க முடிஞ்சுது. முன்னாடியே ஒரு காவலாளி “ஒரு நிமிஷம்”னு சொல்லியிருந்தா ஊர் எரிஞ்சிருக்காது.

தியேட்டர்_நர்ஸ் | 18 ஜூலை, மாலை 5.30

முன்மாதிரி பத்தி ஒண்ணு தோணிச்சு. நம்ம ஊர்லயே 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்துல விரல்கள் கோணிப்போன கையோட அறுவை சிகிச்சை செஞ்சவர். அரசு வேலையில 58 வயசுல ஓய்வு பெற்ற பிறகுதான் அதை ஆரம்பிச்சார். அப்படி ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வேலை பாக்கிறது பெரிய உந்துதல்.

ஆனா பொதுவாச் சொல்றேன், அந்த ஆஸ்பத்திரியைப் பத்தி இல்ல: தலைவர் ரொம்பப் பெரிய முன்மாதிரியா இருந்தா, கீழ இருக்கிறவங்களுக்கு “எனக்கு முதுகு வலிக்குது”ன்னு சொல்லக் கூச்சமா இருக்கும். லீவே எடுக்காத சார்கிட்ட எப்படி லீவு கேக்கிறது? அதனால நல்லா உழைக்கிற பொறுப்பாளர் வேணும்னே சில விஷயத்தைக் கண் முன்னாடி செய்யணும். நேரத்துக்குச் சாப்பிடப் போகணும், நேரத்துக்குக் கிளம்பணும், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லணும், ஜூனியர்கிட்ட “இதை நீங்க ஒரு தடவை பாருங்க”ன்னு குடுக்கணும்.

லேத்துப்பட்டறை | 18 ஜூலை, இரவு 9.15

நேரத்துக்கு வீட்டுக்குப் போற முன்மாதிரின்னா நான் ரெடி.

கப்பலூர்_ஷிஃப்ட் | 27 ஜூலை, இரவு 10.55

நோட்டு மாட்டி பத்து நாள். 23 வரி. அதுல 9 முடிஞ்சுது (லைட்டை மேசைக்கு முன்பக்கம் மாத்தியாச்சு, பிளேடு மழுங்கினதைக் காட்டினா புதுசு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை). ரெண்டுக்கு முடியாதுன்னு எழுதியிருக்கேன். ஆனா ஒரு சிக்கல். ரிஜெக்டும் சின்னக் காயமும் போன மாசத்தை விட ஏறியிருக்குன்னு ஆபீஸ் அறிக்கை சொல்லுது. “இதெல்லாம் பேச விட்டதுனாலதான்”ங்கிறார் முதலாளி.

தியேட்டர்_நர்ஸ் | 28 ஜூலை, காலை 7.10

ஏறத்தான் செய்யும். ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்துத் தவறுகளை ஆராய்ச்சி பண்ணினப்பவும் இதேதான் வந்துச்சு. நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை இருந்த குழுக்கள்ல தவறு கூடுதலாப் பதிவாச்சு. அங்க அதிகமாத் தப்பு பண்ணினாங்கன்னு அர்த்தமில்லை, மறைக்காமச் சொன்னாங்க. உங்க இடத்துல இதுவரைக்கும் விரல் வெட்டுக்கு வீட்டுலயே மஞ்சள் வச்சுக் கட்டியிருப்பாங்க.

எது உண்மைன்னு தெரிய, மறைக்க முடியாததைத் தனியாப் பாருங்க. தையல் போட்ட காயம், கஸ்டமர் திருப்பி அனுப்பின பீஸ், இதெல்லாம் யார் பேசினாலும் பேசாட்டியும் கணக்குல வரும். அது ஏறினா உண்மையிலேயே பிரச்சினை. அது அப்படியே இருந்து சின்னது மட்டும் ஏறினா, வாய் திறந்திருக்கு.

ஓய்வு_போர்மேன் | 28 ஜூலை, காலை 8.00

அக்கா சொன்னதோட இன்னொரு அளவு: கோளாறு நடந்த நேரத்துக்கும் அது உங்க காதுக்கு வந்த நேரத்துக்கும் எத்தனை மணி இடைவெளி? நோட்டுலயே ஓரத்துல குறிச்சுக்கோங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்தது ரெண்டு மணி நேரத்துல வர ஆரம்பிச்சா, ரிஜெக்ட் எண்ணிக்கை என்ன சொன்னாலும் நீங்க சரியான பாதையில இருக்கீங்க.

பிசிறு_மேசை | 28 ஜூலை, இரவு 8.05

லைட் மாத்தினதுக்கு உங்க மேசைக்காரங்க சார்பா ஒரு சபாஷ். தாழ்ப்பாள்?

கப்பலூர்_ஷிஃப்ட் | 28 ஜூலை, இரவு 10.50

போட்டாச்சு அக்கா. வரி 4.

முதலாளிகிட்ட பேசணும். நாலாம் நம்பர் பிளேட்டன் ஹீட்டரை மாத்த அவர் ஒத்துக்கலை. “நேரத்தைக் கூட்டி ஓட்டு”ங்கிறார். இந்தத் தடவை குறை சொல்ற இடத்துல நான் நிக்கிறேன். வயித்தைக் கலக்குது. என் ஆளுங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஓய்வு_போர்மேன் | 29 ஜூலை, காலை 6.20

கஸ்டமர் வந்திருக்கிறப்பவும், சம்பள நாளன்னைக்கும் போகாதீங்க. காலைல அவர் முதல் ரவுண்டு வர்றப்ப, ஆபீஸ்ல இல்ல, பிரஸ்கிட்டயே வச்சுப் பேசுங்க. மூணு பொருள் கையில இருக்கட்டும்: 9 இடத்து அளவு எழுதின தாள், இடது குழி பீஸ் ஒண்ணும் வலது குழி பீஸ் ஒண்ணும் பாதியா வெட்டினது, ஒரு வாரத்து ரிஜெக்ட் குழி வாரியாப் பிரிச்ச எண்ணிக்கை. அவர் விரலாலேயே ரெண்டு பீஸையும் அமுக்கிப் பார்க்கட்டும்.

நேரத்தைக் கூட்டினா என்ன ஆகும்னு அவர் கணக்குலயே சொல்லுங்க. இடது மூலை வேக 20 நிமிஷத்துக்கு மேல விட்டா மணிக்கு 6 சுத்து மூணுக்கும் கீழ போகும், 48 பீஸ் 24-ஐக் கூடத் தொடாது. அதுவும் போக வலது பக்கம் தேவைக்கு மேல வெந்து தரம் கெடும். அப்ப ரிஜெக்ட் இடத்தை மாத்தும், நிக்காது.

அந்த ஆபரேட்டரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. கண்டுபிடிச்சது அவர்னு அவர் முன்னாடியே சொல்லுங்க.

கப்பலூர்_ஷிஃப்ட் | 5 ஆகஸ்ட், இரவு 10.40

ஆடிப்பெருக்கு முடிஞ்சு இன்னைக்குத்தான் பேச முடிஞ்சுது. பீஸை அமுக்கிப் பார்த்தார், ரெண்டு தடவை. ஹீட்டர் வருது, சனிக்கிழமை மாத்துறோம். “மத்த அஞ்சு பிரஸ்ஸும் பார்த்தாச்சா?”ன்னு கேட்டார். பார்க்கலை. நோட்டுல எழுதிட்டேன், வரி 31, என் பேர்ல.

ஒரு சந்தேகம், ப்ரோபை பிளேட்டன்ல வைக்கும்போது டையை உள்ள வச்சுப் பார்க்கணுமா, எடுத்துட்டா?

ஓய்வு_போர்மேன் | 6 ஆகஸ்ட், காலை 6.05

ரெண்டும். முதல்ல டை இல்லாம பிளேட்டன், அது ஹீட்டரைக் காட்டும். அப்புறம் டையை உள்ள வச்சு மூடி, அரை மணி விட்டு, திறந்த உடனே குழிகிட்ட அளங்க. பீஸ் வேகிறது அந்தச் சூட்டுலதான். திறந்து வச்சுக்கிட்டு நிதானமா எழுதாதீங்க, ஷெட் காத்துல மளமளன்னு இறங்கிடும். ஒருத்தர் அளக்கட்டும், ஒருத்தர் எழுதட்டும்.